நிலாவுக்குப் போகாத கேமரா

பேராக்கில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் ஒரு ஒட்டுக்கடை இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரிந்த அண்ணன் ஒருவர் துணிப்பையிலிருந்து ஒரு உலோகப் பெட்டியை எடுத்து அந்தக் கடை மேசையில் வைத்தார். தையல் மெஷினின் தலை அளவு இருக்கும். சாம்பல் பெயிண்ட் ஓரங்களில் உரிந்து அலுமினியம் தெரிந்தது. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. பக்கவாட்டில் நாசா என்று சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். தே தாரிக் கொண்டுவந்த பையன்கூடக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"ராக்கெட் கேமரா தம்பி. அப்பல்லோ 11," என்றார் அண்ணன். அமெரிக்காவில் யாரோ ஒருவரிடம் இணைய ஏலத்தில் எடுத்தாராம். விற்றவர் அப்படித்தான் எழுதியிருந்தாராம்.

அண்ணனின் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக இருந்தவர். உளி எத்தனை, பால் வாளி எத்தனை, ரப்பர் தட்டும் மெஷினின் தகட்டில் என்ன எண் என்று வருஷா வருஷம் கணக்கெடுக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் மகன்தான் குனிந்து எண்ணைப் படிப்பான், அப்பா எழுதுவார். பிறகு மகன் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியனாக முப்பது வருஷம் ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினார். எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் அடியைத் திருப்பித் தகட்டைத் தேடுவது இன்றும் அவர் பழக்கம். அன்றும் அப்படித்தான் செய்தார். துணியால் துடைத்து, எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார். அதற்கு அர்த்தம் அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. அந்த எண்ணுக்கு வருவதற்கு முன், இப்படி ஒரு கேமரா ராக்கெட் தளத்தில் என்ன வேலை செய்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

ராக்கெட் ஏறும் படம் என்றால் நம் நினைவுக்கு வருவது தூரத்தில் நெருப்பும் புகையும்தான். அது செய்திக்காக எடுத்த படம். ஏவுதளத்தில் இருந்த கேமராக்களில் பெரும்பகுதி செய்திக்காக வைக்கப்பட்டவை அல்ல. குழாய் சரியாகக் கழன்றதா, பிடித்திருக்கும் இரும்புக் கை நேரத்துக்கு விலகியதா, எந்த இடத்திலாவது ஏதாவது உடைந்து விழுந்ததா என்று பொறியாளர்கள் பிறகு உட்கார்ந்து பார்ப்பதற்காக வைத்தவை. இவற்றுக்குப் பொறியியல் கேமரா என்றே பெயர். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. மனிதனை முதன்முதலாக நிலாவில் இறக்கிய அப்பல்லோ 11, 1969 ஜூலை 16-ம் தேதி கிளம்பியபோது ஏவுமேடையின் மேலேயே இருந்த இ-8 என்ற 16 மி.மீ. கேமரா நொடிக்கு 500 படம் எடுத்தது. சட்டர்ன் ராக்கெட்டின் நெருப்பு மேடையின் ஓட்டைக்குள் இறங்குவதும், பிறகு மேடையைச் சுற்றி மேலெழுவதும், பெயிண்ட் கருகுவதும் அதில் அவ்வளவு மெதுவாகத் தெரியும். இணையத்தில் அந்தப் படத்தைப் பார்க்காத விண்வெளிப் பைத்தியம் யாரும் இருக்க மாட்டார்கள்.

நொடிக்கு 500 என்றால் என்ன என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன். 16 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 40 படம். 400 அடிச் சுருளில் 16,000 படம். நொடிக்கு 500 வீதம் ஓடினால் 32 நொடியில் சுருள் காலி. அதையே சினிமா வேகத்தில், நொடிக்கு 24 படமாகத் திரையில் ஓட்டினால் பதினோரு நிமிஷம் பார்க்கலாம். அரை நிமிஷ வேலைக்காக ஒரு முழுச் சுருள், அதற்காக ஒரு மெஷின், அந்த மெஷினைக் காப்பாற்ற ஒரு இரும்புக் கூடு, கூட்டுக்கு முன்னால் குவார்ட்ஸ் கண்ணாடி. ஒரு தடவை பட்டனை அழுத்தி மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

இத்தனை வேகத்தில் பிலிம் ஓடுவது சாதாரண விஷயமில்லை. சினிமா கேமராவில் பிலிம் ஒவ்வொரு படத்துக்கும் நின்று, படம் பதிந்து, நகர்ந்து, மறுபடி நிற்கும். நொடிக்கு 24 தடவை நிற்பது சரி. 500 தடவை நின்று கிளம்பும்போது பிலிமின் ஓரத்து ஓட்டை கிழியாமல் இருக்க, சின்ன ஊசிகள் அந்த ஓட்டைக்குள் நுழைந்து பிடித்து விட வேண்டும். மில்லிக்கன் போன்ற கேமராக்கள் இந்த ஊசிப் பிடியில் வேலை செய்தவை. படம் துளியும் ஆடாது, அதனால் அளவெடுக்கலாம். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் போக வேண்டுமானால் பிலிமை நிறுத்தவே முடியாது. அது ஓடிக்கொண்டே இருக்கும். லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டகம் சுழன்று, படத்தையும் பிலிமோடு சேர்த்து நகர்த்தும். ஃபாஸ்டாக்ஸ், ஹைகேம் எல்லாம் இந்த வகை. இதில் கூர்மை கொஞ்சம் குறையும், வேகம் கூடும். ஃபோட்டோ-சோனிக்ஸ் நிறுவனம் இரண்டு வகையிலும் 16, 35, 70 மி.மீ. என்று செய்தது. சேகரிப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் தனி மரியாதை கொடுப்பார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். கேமராவுக்குள் ஒரு குட்டி விளக்கு பிலிமின் ஓரத்தில் நேரத்தைப் புள்ளி புள்ளியாக எழுதிக்கொண்டே போகும். ஏவுதளம் முழுக்க ஒரே கடிகாரம், எல்லாக் கேமராவும் அதற்குக் கட்டுப்பட்டவை. அதனால் எந்தப் படம் எந்த நொடியின் எந்தப் பின்னத்தில் எடுத்தது என்று சொல்லிவிடலாம். 1986 ஜனவரி 28-ம் தேதி சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 0.678-வது நொடியில் வலது பக்கத் துணை ராக்கெட்டான பூஸ்டரின் கீழ் இணைப்பிலிருந்து சாம்பல் நிறப் புகை வெளிவந்தது என்று விசாரணைக் குழு எழுதியது இப்படிப்பட்ட படங்களை வைத்துத்தான். 73 நொடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் போனார்கள். அந்தப் புகை வந்த இடத்தை நேராகப் பார்த்திருக்க வேண்டிய இரண்டு கேமராக்கள் அன்று வேலை செய்யவில்லை. அதுவும் அறிக்கையில் இருக்கிறது.

2003-ல் கொலம்பியா விண்கலத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஜனவரி 16-ல் கிளம்பிய 81.7-வது நொடியில் பெரிய எரிபொருள் டாங்கியிலிருந்து வெப்பக்காப்பு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் அடித்தது. ராக்கெட்டைத் துரத்திப் படமெடுக்கும் தொடர்கேமராக்கள் தூரத்திலிருந்து அதைப் பிடித்தன, ஆனால் எங்கே, எவ்வளவு பலமாக அடித்தது என்று துல்லியமாகச் சொல்லும்படி எதிலும் விழவில்லை. பிப்ரவரி 1-ல் திரும்பும்போது விண்கலம் உடைந்தது. பூஸ்டர் பிரியும்வரை குறைந்தது மூன்று பயனுள்ள கோணங்களிலிருந்து படம் கிடைக்க வேண்டும் என்று விசாரணைக் குழு பிறகு கண்டிப்பாகச் சொன்னது. அமெரிக்காவில் எங்கோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய ஏவுதளக் கேமராவை அடுத்த தடவை ஏலப் படத்தில் பார்த்தால், அது உட்கார்ந்திருந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

தொடர்கேமராக்களின் கதை இன்னும் பழையது. நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் பாலைவனத்தில் 1946 அக்டோபர் 24-ம் தேதி வி-2 என்ற ஜெர்மன் ராக்கெட் ஒன்றில் 35 மி.மீ. சினிமா கேமராவை ஏற்றி அனுப்பினார்கள். ஒன்றரை நொடிக்கு ஒரு படம். கேமரா கீழே விழுந்து நொறுங்கியது, பிலிம் எஃகு டப்பாவுக்குள் பிழைத்தது. விண்வெளியிலிருந்து பூமியை எடுத்த முதல் படம் அதுதான். அதே இடத்தில் தரையிலிருந்து ராக்கெட்டைத் துரத்திப் படமெடுக்கும் கருவிகளை உருவாக்கியவர்களில் ஒருவர் கிளைடு டாம்பா, 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்தவர். வானத்தில் அசையும் சின்னப் புள்ளியைத் தேடிப் பழகிய கண்ணுக்கு ராக்கெட் ஒரு பொருட்டா என்ன!

முதலில் கையில் கிடைத்ததை வைத்தே சமாளித்தார்கள். இரண்டாம் உலகப் போரின் விமான எதிர்ப்புத் துப்பாக்கி பீடத்தில் நான்கு துப்பாக்கியையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேமராவையும் நீளமான லென்ஸையும் மாட்டினார்கள். நடுவில் ஆள் உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பி, ராக்கெட்டைக் கண்ணால் தொடர வேண்டும். இன்னொரு பக்கம் ஆஸ்கானியா என்ற ஜெர்மன் கருவி. அது கேமராவும் நில அளவைக் கருவியும் சேர்ந்தது. ஒவ்வொரு படத்திலும் தான் பார்க்கும் கோணத்தையும் சேர்த்துப் பதியும். இரண்டு இடத்திலிருந்து இப்படிப் பதிந்தால் கணக்குப் போட்டு ராக்கெட் எந்த உயரத்தில் எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். ப்ளோரிடாவில் கேப் கனாவரல் தளத்தில் 1950 ஜூலை 24-ல் முதல் ராக்கெட் ஏறியபோது இந்த முறைகளெல்லாம் அங்கேயும் போய்ச் சேர்ந்தன.

கேப்பில் வேலை பார்த்த பலர் அரசு ஊழியர்களே இல்லை. 1953-லிருந்து அந்தத் தளத்தை ஒப்பந்தத்தில் நடத்தியது பான் அமெரிக்கன் விமான நிறுவனம், அளவைக் கருவிகளையும் படப்பிடிப்பையும் பார்த்தது ஆர்.சி.ஏ. நிறுவனம். தோட்டத்துக்கு முதலாளி லண்டனில், நடத்துவது ஏஜன்சி, வேலை செய்வது கங்காணி ஆட்கள் என்று பழகிய நமக்கு இது புதிதில்லை. ஆனால் சேகரிப்பவருக்கு முக்கியம். கேமரா மேல் நாசா என்று எழுதாமல் இந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றின் பெயர் சொத்து லேபிளில் இருந்தால் ஏமாற வேண்டாம், சந்தோஷப்படலாம்.

விண்வெளிக்குப் போன கேமராக்களைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. அதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் போகும்போது கொண்டுபோனது ஏவுதளத்துக்குப் பக்கத்தில் கோகோ பீச் ஊர் மருந்துக்கடையில் 40 டாலருக்கு வாங்கிய ஒரு ஆன்ஸ்கோ கேமரா. மினோல்டா செய்து கொடுத்தது. கையுறையோடு பிடிக்க வசதியாகத் தலைகீழாகத் திருப்பிக் கைப்பிடி மாட்டினார்கள். அதே வருஷம் இன்னொரு விண்வெளி வீரர் வால்ட்டர் ஷிரா ஹூஸ்டன் கேமராக் கடையில் ஹேசல்பிளாட் என்ற ஸ்வீடன் கேமரா ஒன்றை வாங்கினார், அதுதான் நாசாவுக்கும் ஹேசல்பிளாடுக்கும் பிள்ளையார் சுழி. 2014 நவம்பரில் அந்தக் கேமரா 2,75,000 டாலருக்கு ஏலம் போனது. அதே வருஷம் மார்ச்சில் வியன்னாவில் அப்பல்லோ 15-ன் ஹேசல்பிளாட் என்று விற்ற ஒன்று 6,60,000 யூரோவுக்குப் போனது. நிலாத் தரையிலிருந்து திரும்பி வந்த ஒரே கேமரா என்ற விளம்பரத்தைப் பல நிபுணர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எடை குறைக்க 12 ஹேசல்பிளாட்களை நிலாவிலேயே விட்டுவிட்டு பிலிமை மட்டும் கொண்டுவந்தார்கள் என்பது மட்டும் நிஜம்.

எனக்கென்னவோ இந்த விலைகளைப் பார்த்து ஆசைப்படுவது துரை பங்களாவின் பீங்கான் தட்டுக்கு ஆசைப்படுவது மாதிரி. நல்ல சாமான்தான், நம் கைக்கு வராது. ஏவுதளக் கேமராக்கள் வேறு ஜாதி. அவை ஸ்டோர் சாமான். வேலை முடிந்ததும் பேரேட்டில் எண்ணை அடித்துவிட்டு, மொத்தமாக வண்டியில் ஏற்றி, பழைய இரும்பு மாதிரி ஏலம் விட்டார்கள். அதனால்தான் சாதாரண ஆட்களுக்கும் கிடைக்கிறது.

அந்த உபரி ஏலத்தில் என்னென்ன போயிருக்கிறது என்பதற்கு ஒரு கதை. 1976-ல் ஹூஸ்டனில் நாசாவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவர், அரசு உபரி ஏலத்தில் 1,150 பழைய வீடியோ டேப் சுருள்களை 217.77 டாலருக்கு எடுத்தார். நோக்கம், தொலைக்காட்சி நிலையங்களுக்கு வெற்று டேப்பாக விற்பது. சிலதை விற்றும்விட்டார். அப்புறம் அவருடைய அப்பா சில பெட்டிகளின் லேபிளைப் படித்துவிட்டு மகனை நிறுத்தினார். அப்பல்லோ 11 என்று தேதியோடு மூன்று சுருள் இருந்தது. 2019 ஜூலையில் அந்த மூன்றும் 18 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போயின. பிள்ளை எடுத்துவந்த சாமானின் லேபிளை அப்பா படிப்பது! இந்த இடத்தை நான் சொன்னபோது எங்கள் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

லேபிள் மட்டும் போதாது, விற்றதற்கான காகிதமும் வேண்டும். 2011-ல் அப்பல்லோ 14 வீரர் எட்கர் மிட்செல் நிலாவிலிருந்து தான் கொண்டுவந்த 16 மி.மீ. கேமராவை ஏலத்துக்குக் கொடுத்தார். அது அரசுச் சொத்து என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ வீரர்கள் நினைவாக வைத்துக்கொண்ட சாமான்கள் அவர்களுக்கே சொந்தம் என்று அடுத்த வருஷம் ஒரு சட்டம் வந்தது. நிலாக் கல்லுக்கு மட்டும் விலக்கு. ஆனால் அந்தச் சட்டம் வீரர்களுக்குத்தான். தளத்தில் வேலை பார்த்த டெக்னிஷியன் வீட்டுக்கு எடுத்துப்போன கேமராவுக்கு அது பொருந்தாது. உபரி விற்பனை ரசீது, அதன் நகல், குறைந்தபட்சம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர் எதுவும் இல்லையென்றால் வாங்குபவர் தன் பொறுப்பில் வாங்குகிறார் என்று அர்த்தம்.

இப்போது அண்ணனின் எண்ணுக்கு வருவோம்.

அமெரிக்க அரசின் சாமான்களுக்கு ஒரு பொதுவான ஸ்டாக் எண் முறை உண்டு. முதல் நான்கு இலக்கம் சாமானின் இனம். 67-ல் தொடங்கினால் படப்பிடிப்புச் சாமான். அதிலும் 6710 சினிமா கேமரா, 6720 நிழற்படக் கேமரா, 6760 துணைக்கருவிகள். தோட்டத்து ஸ்டோரில் உளிக்கு ஒரு பக்கம், வாளிக்கு ஒரு பக்கம் என்று பேரேடு பிரித்திருப்பார்களே, அதே மாதிரி. 1974 வரை இந்த எண் மொத்தம் 11 இலக்கம். அந்த வருஷத்திலிருந்து 13 ஆனது. முதல் நான்குக்கு அடுத்து இரண்டு இலக்கம் புதிதாக நுழைத்தார்கள், எந்த நாடு பதிந்தது என்று காட்ட. அமெரிக்காவில் பழைய பட்டியலில் ஏற்கனவே இருந்த சாமானுக்கு 00, அதற்குப் பிறகு புதிதாகப் பட்டியலில் ஏறியதற்கு 01.

அண்ணன் நோட்டில் இருந்த எண் 6710-ல் தொடங்கி, அடுத்து 01. மொத்தம் 13. தயாரிப்பாளரே ஆணி அடித்துப் பொருத்திய தகடு அது, பின்னால் யாரும் ஒட்டிய லேபிள் கிடையாது. 1969-ல் நிலாவுக்குப் போன ராக்கெட்டைப் பார்த்த கேமராவின் தகட்டில் இந்த எண் இருக்க வழியே இல்லை.

ஸ்டிக்கரும் அதையே சொன்னது, ஆனால் அவ்வளவு உறுதியாக இல்லை. நாசாவின் வட்டமான நீலச் சின்னம் 1959-ல் வந்தது. புழு மாதிரி வளைந்த சிவப்பு எழுத்துகள் 1975-ல் வந்து, 1992-ல் ஒதுக்கப்பட்டு, 2020-ல் மறுபடி தலைகாட்டின. சிவப்பு எழுத்து ஒட்டியிருப்பதால் மட்டும் கேமரா அப்பல்லோ காலத்தது இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய கேமராவை எண்பதுகளிலும் வைத்து ஓட்டியிருப்பார்கள், அப்போது ஒட்டியிருக்கலாம். அதே போல ஸ்டிக்கரை நேற்றுக்கூட ஒட்டலாம், இணையத்தில் கட்டுக்கட்டாக விற்கிறது. ஊர்ப் பெயரும் உதவும். கேப் கனாவரலுக்கு 1963 கடைசியிலிருந்து 1973 வரை கேப் கென்னடி என்று பெயர். சொத்து லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் பத்து வருஷத்துக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். அண்ணனுடையதில் ஊர்ப் பெயரே இல்லை.

இரண்டு நாள் அண்ணன் கடைப்பக்கம் வரவில்லை. விற்றவருக்கு எழுதினாராம், பதில் வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டும் அளவுக்குக் காசு போயிருந்தது, கப்பல் கூலி தனி. மூன்றாம் நாள் வந்தவர் சொன்னது வேறு. "சரி தம்பி, அப்பல்லோ இல்ல. ஆனா இது கேமராதானே? எதையோ பார்த்திருக்கும்லா?" அது நியாயமான கேள்வி. ஆனால் 6710-01 என்ற எண் ராக்கெட் தளத்துக்கு மட்டும் உரியதில்லை. இதே கேமராக்கள் விமானத்திலிருந்து குண்டு பிரிவதைப் பார்த்தன, கார் மோதல் சோதனையைப் பார்த்தன. ஸ்டாக் எண் சாமானின் இனத்தையும் காலத்தையும் சொல்லும், எங்கே வேலை பார்த்தது என்று சொல்லாது. அதைச் சொல்வது சொத்து லேபிளும் காகிதமும் மட்டும்தான். என் கணிப்பைக் கேட்டால், சிவப்பு ஸ்டிக்கர் போட்டு அப்பல்லோ என்று விற்பதைவிட, கசங்கிய ஒரு பராமரிப்பு அட்டையோடு வரும் கேமரா பத்து மடங்கு மேல். எந்தத் தேதியில் யார் எண்ணெய் போட்டார்கள், எந்த மேடைக்கு அனுப்பினார்கள் என்று அதில் இருக்கும்.

வாங்கிய பிறகு நம் ஊரில் வைத்திருப்பது தனிப் பாடு. ப்ளோரிடாவும் புழுக்கமான கடற்கரைதான், ஆனால் பேராக்கில் வருஷம் முழுக்க ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரிப் படர்ந்தால் மேல்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கும் உலர் அலமாரி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. காசு இல்லையென்றால் மூடி இறுகிய டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். தோல் உறையோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள், பூஞ்சை அங்கேதான் குடியிருக்கும்.

கேமராவோடு பழைய பிலிம் வந்தால் முதலில் மோந்து பாருங்கள். அசிடேட் பிலிம் கெட்டுப்போனால் அசிட்டிக் அமிலம் விடும், காடி வாடை அடிக்கும். ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றிய கொட்டகைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த மாதிரிக் காரமான புளிப்பு நெடி மூக்குக்குப் பழக்கம்தான். அந்த வாடை வந்த சுருளை மற்றச் சுருள்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். பழைய ஏரோ-எக்டார் போன்ற சில வான்படப்பிடிப்பு லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் இருக்கும். அதனால் கண்ணாடி மஞ்சளடிக்கும். லேசான கதிரியக்கம் உண்டு, அலமாரியில் இருப்பதில் பயமில்லை, ஆனால் கண்ணோடு ஒட்டி மணிக்கணக்கில் பார்ப்பதும் கழற்றிச் சுரண்டுவதும் வேண்டாம்.

மின்சாரத்துக்கும் கவனம் வேண்டும். இவற்றில் பலவற்றின் மோட்டார் விமானத்தில் இருப்பது போல 28 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். சில 115 வோல்ட். நம் வீட்டு 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஒரு நொடியில் எரிந்துவிடும். வரியையும் கணக்கில் சேருங்கள். 500 மலேசிய வெள்ளிக்குக் கீழே இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் சாமானுக்கும் 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத விற்பனை வரி உண்டு. சில அதிவேகக் கேமராக்களையும் லென்ஸ்களையும் அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்ப உரிமம் தேவைப்படும், அதை ஏலத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் என்று கேட்பவர்களும் உண்டு. மலேசியாவுக்கு ராக்கெட் தளம் இல்லை. 2007 அக்டோபர் 10-ல் நம் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் கஸக்ஸ்தானின் பைக்கனூர் தளத்திலிருந்து கிளம்பினார், 2009 ஜூலையில் நம் ராசாக்சாட் துணைக்கோள் பசிபிக் கடலில் ஒரு தீவிலிருந்து கிளம்பியது. நமக்கு ராக்கெட் எப்போதும் தொலைக்காட்சியில்தான். அந்தப் படத்தை எடுத்த பக்கத்திலிருந்து ஒரு துண்டு கையில் இருப்பது சிலருக்குப் பெரிய விஷயம். இப்போதெல்லாம் கேமராக்கள் டிஜிட்டல் ஆகிவிட்டன, ஆனாலும் அடிவாங்குவது நிற்கவில்லை. 2018 மே மாதம் கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்தில் நாசா புகைப்படக்காரர் பில் இங்கல்ஸ் வைத்த ஆறு கேமராக்களில் ஒன்று உருகிப்போனது. உள்வட்டத்தில், ராக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தவை தப்பித்தன. கால் மைல் தள்ளி வெளியே வைத்தது, புல் தீப்பிடித்து வெந்தது. உருகி வழிந்த அந்தப் பெட்டிதான் இப்போது எல்லாவற்றையும்விடப் பிரபலம். நினைவட்டை பிழைத்ததால், தீ நெருங்கி வருவதைக் கேமராவே எடுத்த படமும் கிடைத்தது.

அண்ணன் ஒரு 28 வோல்ட் மின்வழங்கி செய்தார். பழைய லேப்டாப் அடாப்டரையும் இன்னும் எதையெதையோ சேர்த்துக் கட்டியது. ஒரு சாயங்காலம் கூப்பிட்டார், போனேன். பிலிம் இல்லாமல் ஓட்டினார். முதலில் முனகியது, பிறகு பால் வண்டி மேட்டில் ஏறுவது போல இரைச்சல் ஏறி, மேசை நடுங்கியது. மூன்று நொடிதான், அணைத்துவிட்டார். "பிலிம் இல்லாம ரொம்ப ஓட்டக்கூடாது. ஊசி தேயும்," என்றார். அண்ணி உள்ளேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார்.

போன மாசம் ஈப்போவில் புதிதாகத் திறந்த ஒரு காப்பிக்கடைக்காரர் அதைக் கேட்டார். பழைய தோட்டத்துத் தராசு, பால் வாளி, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் சுவரில் மாட்டி வைத்திருக்கும் கடை. நல்ல விலைதான் சொன்னார். கீழே ஒரு அட்டை வைப்பதாகவும் சொன்னார். என்ன எழுதுவீர்கள் என்று அண்ணன் கேட்டார். அப்பல்லோ 11 என்றுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் யார் நின்று பார்ப்பார்கள் என்றார் அவர். தகட்டில் இருக்கும் எண்ணை எழுதுங்கள் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்தார். அண்ணன் கேமராவைத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு, சுங்கை சிப்புட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.